ஒரு இணைப்பு, வீடு முழுக்க வைஃபை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் இப்போது அநேகமான வீடுகளில் இணைப்பு ஒன்று, பாவிக்கிற சாதனம் ஐந்தாறு. சின்னவனுக்கு சூம் வகுப்பு, அக்காவுக்கு ஒன்லைனில் வேலை, அப்பாவுக்கு யூடியூப், அம்மம்மாவுக்குக் கனடாவில் இருக்கிற பேரப்பிள்ளையோடு வட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைக்க வேண்டும். இதெல்லாம் ஒரே நேரத்தில்தான் நடக்கும். கீழே இருப்பவை இப்படிப்பட்ட வீடுகளில் இருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது பிடிபட்டால் பாதிக் கேள்வி குறையும். வெளியில் இருந்து உங்கள் வீட்டுக்கு வரும் லைன் வேறு, வீட்டுக்குள் ரவுட்டரில் இருந்து கணினிக்குப் போகும் வைஃபை வேறு. கிணற்றில் தண்ணீர் நிறைய இருக்க, குசினிக் குழாயில் மட்டும் சொட்டுச் சொட்டாக வந்தால் யாரும் கிணற்றை ஆழமாக்க ஆள் பிடிப்பதில்லை, குழாயைத்தான் பார்ப்பார்கள். இணையம் என்று வந்தால் மட்டும் உடனே போன் எடுத்துப் பெரிய பக்கேஜுக்கு மாற்றச் சொல்கிறோம்.

வீட்டில் மூன்று கணினி இருக்கிறது. மூன்று இணைப்பு வேண்டுமா?

வேண்டாம். ஒன்று போதும். கொம்பனி உங்கள் வீட்டுக்குத் தருவது ஒரேயொரு இணைய முகவரிதான் (ஐபி எண்), அதை வாங்கிப் பங்கிட்டுக் கொடுப்பது ரவுட்டரின் வேலை. வீட்டுக்குள் வந்து சேரும் ஒவ்வொரு சாதனத்துக்கும் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் ஒரு உள்முகவரியைத் தானாகவே கொடுக்கும். எந்தக் கணினி எதைக் கேட்டது என்று ஒரு அட்டவணை வைத்துக்கொள்ளும், பதில் வந்ததும் கேட்டவரிடமே அனுப்பிவிடும். இந்த 192.168 முகவரிகள் வெளி இணையத்தில் செல்லாது, உள்பாவனைக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்டவை. அதனால்தான் உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் 192.168.1.5 என்று ஒரு கணினி இருந்தாலும் ஒன்றோடொன்று மோதாது.

ஆட்கள் கூடினால் வேகம் குறையுமே?

குறையும், ஆனால் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. சூமில் 720பி படத்தோடு ஒருவரோடு கதைக்க இரண்டு பக்கமும் ஏறக்குறைய 1.2 எம்பிபிஎஸ் போதும். ஒரு பிள்ளை வகுப்பில் இருக்க, இன்னொருவர் படம் பார்க்க, ஒருவர் முகநூலில் மேய, 10 எம்பிபிஎஸ் லைன் தாராளமாகத் தாங்கும். பலர் கவனிக்காமல் விடுவது மேலே அனுப்பும் வேகத்தை. பழைய செப்புக் கம்பி ஏடிஎஸ்எல் லைனில் கீழிறக்கம் 8 இருந்தாலும் மேலேற்றம் ஒன்று அளவில்தான் நிற்கும். உங்கள் முகம் அந்தப் பக்கத்துக்கு மங்கலாகத் தெரிகிறது, ஆனால் அவர்களுடைய முகம் உங்களுக்கு வடிவாகத் தெரிகிறது என்றால் சிக்கல் அங்கேதான். அந்த நேரத்தில் யாராவது போனில் இருந்து கல்யாண வீட்டுப் படங்களை கூகுள் போட்டோசுக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள், முழு மேலேற்றத்தையும் அதுவே விழுங்கிவிடும்.

இன்னொன்று: எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு, கோப்பின் அளவு பைட் கணக்கு. எட்டால் வகுக்க வேண்டும். 20 எம்பிபிஎஸ் லைனில் ஒரு செக்கனுக்கு அதிகபட்சம் 2.5 எம்பி தான் இறங்கும். "இருபது சொல்லிவிட்டு இரண்டுதான் தருகிறார்கள்" என்று சண்டைக்குப் போகும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ரவுட்டரே இல்லை. போனும், சிம் போட்டு யூஎஸ்பியில் செருகும் ஒரு டொங்கிளும்தான். எப்படிப் பங்கிடுவது?

போனில் ஹொட்ஸ்பொட் போட்டால் அதுவே ஒரு சின்ன ரவுட்டர். ஒரே ஒரு கணினிக்குத்தான் என்றால் யூஎஸ்பி வயரால் போனைக் கணினியில் செருகி டெதரிங் போடுங்கள். போனும் சார்ஜ் ஆகும், இணைப்பும் வைஃபையை விட உறுதியாக இருக்கும்.

டொங்கிள் கணினியில் செருகியிருந்தால், விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸுக்குள் நெட்வேர்க் பகுதியில் மொபைல் ஹொட்ஸ்பொட் என்று ஒன்று இருக்கிறது. அதை ஓன் செய்தால் அந்தக் கணினி மற்றவர்களுக்கு வைஃபை கொடுக்கும், எட்டுச் சாதனம் வரை சேரலாம். அந்தக் கணினியில் வைஃபை கார்ட் இருக்க வேண்டும், அது நித்திரைக்குப் போகாமலும் இருக்க வேண்டும். லப்டொப்பை மூடினால் வீட்டில் எல்லோருக்கும் இணையம் போய்விடும், பிறகு சத்தம் கேட்கும்.

அவசரத்துக்கு இவை நல்லவை. மாதக்கணக்கில் ஒரு போனை ஹொட்ஸ்பொட்டாகவே வைத்திருப்பது அதன் பற்றரியைக் கொல்லும் வேலை. சிம் போடக்கூடிய ஒரு 4ஜி ரவுட்டர் வாங்குங்கள்.

லைன்காரர் வைத்துவிட்டுப் போன பெட்டி ரவுட்டரா, வேறு ஏதாவதா?

இன்றைக்கு வீட்டில் வைக்கும் பெட்டிகளில் பெரும்பாலும் எல்லாம் ஒன்றாகவே வருகிறது. ஃபைபர் என்றால் மெல்லிய வயர் ஒன்று வந்து சேரும் பெட்டிக்குள்ளேயே ரவுட்டரும் வைஃபையும் இருக்கும். ஏடிஎஸ்எல் என்றால் தொலைபேசி வயர் போகும் பெட்டி. 4ஜி என்றால் சிம் போட்ட பெட்டி. பின்பக்கம் ஒரே மாதிரி மூன்று நாலு துளை வரிசையாக இருந்தால் அது ரவுட்டர்தான், தனியாக இன்னொன்று வாங்கத் தேவையில்லை. முதலில் இருப்பதைச் சரியான இடத்தில் வைத்துப் பாருங்கள்.

எங்கே வைப்பது? முன்விறாந்தையில் நன்றாக இருக்கிறது, பின்னறையில் ஒன்றுமே இல்லை.

இதுதான் எல்லாக் கேள்விக்கும் தாய்க் கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லைன் போட வருபவருக்கு அவசரம். ரோட்டில் இருந்து வரும் வயர் எந்தச் சுவரில் முட்டுகிறதோ அந்தச் சுவரிலேயே பெட்டியை அடித்துவிட்டுப் போவார். அது அநேகமாக முன்விறாந்தை. வைஃபை பெட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் பரவுவதால், பாதி சிக்னல் முற்றத்துக்கும் படலைக்கும் போகிறது. ஒழுங்கையில் நிற்கும் பெடியனுக்கு நாலு கோடு, உள்ளே படிக்கும் பிள்ளைக்கு ஒரு கோடு.

அதிலும் எங்கள் பழைய வீடுகளின் சுவர் லேசுப்பட்டதில்லை. சுண்ணாம்புக் கல்லால் கட்டிய தடித்த சுவர், அப்படி இரண்டு சுவர் குறுக்கே வந்தால், வைஃபையின் இரண்டு அலைகளில் 5 கிகாஹேர்ட்ஸ் அலை அநேகமாக அங்கேயே செத்துவிடும், 2.4 மட்டும் தட்டுத்தடுமாறிப் போகும். நாற்சார் வீடு என்றால் ஒரு நல்ல வழி இருக்கிறது: நடு முற்றத்தைப் பார்த்த உள்விறாந்தையில், மழைச்சாரல் படாத இடமாகப் பார்த்து உயரத்தில் வையுங்கள். திறந்த முற்றத்தைத் தாண்டி நாலு பக்க அறைகளின் கதவு யன்னல் வழியாகவும் சிக்னல் போகும், சுவரோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. புது சீமெந்துக் கல் வீடுகளில் சுவர் பரவாயில்லை, ஆனால் கம்பி போட்ட கொங்கிறீட் தட்டு மேல்மாடிக்குப் போகும் சிக்னலை நன்றாகக் குறைக்கும்.

உலோகமும் தண்ணீரும் வைஃபைக்கு ஆகாது. இரும்பு அலுமாரிக்கு மேல், குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால், பெரிய நிலைக்கண்ணாடிக்கு அருகில், மீன்தொட்டிக்குப் பக்கத்தில், தகரம் அடித்த கொட்டிலுக்குள் வைக்காதீர்கள். தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒளித்து வைப்பது இன்னொரு வழக்கம், பெட்டி வடிவாக இல்லை என்று. கண்ணுக்குத் தெரியும் இடத்தில், ஆள் உயரத்துக்கு மேல், வீட்டின் நடுப்பகுதிக்குக் கிட்ட வையுங்கள். சாமியறைப் பக்கம் நடுவில் இருந்தால் அதன் வெளிச்சுவர் கூட நல்ல இடம்தான், அம்மாவிடம் மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள்.

ஃபைபர் வயரை நீங்களாக இழுத்து மடக்க வேண்டாம், உள்ளே கண்ணாடி இழை, கூர்மையாக மடங்கினால் வெளிச்சம் போகாது. பெட்டியை இடம் மாற்ற வேண்டும் என்றால் கொம்பனிக்குச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, அதில் இருந்து ஒரு லான் கேபிளை (ரவுட்டரின் துளையில் செருகும் நெட்வேர்க் வயர்) நடு அறைக்கு இழுத்து இரண்டாவது ரவுட்டரை அங்கே வையுங்கள். லான் கேபிள் 100 மீற்றர் வரை போகும், வீட்டுக்கு அது தாராளம்.

4ஜி ரவுட்டர் என்றால்?

அதற்கு இரட்டைத் தலையிடி. டவரில் இருந்து வரும் சிக்னலுக்கு அது யன்னலோரம் வேண்டும், வீட்டுக்குள் பரப்ப நடுவில் வேண்டும். டவரைத்தான் முதலில் பாருங்கள். ரவுட்டரின் முகவரியைப் பிரவுசரில் அடித்து உள்ளே போனால் சிக்னல் அளவு டிபிஎம் கணக்கில் இருக்கும், எதிர்க்கணியத்தில். ஆர்எஸ்ஆர்பி என்று இருப்பதைப் பாருங்கள்: −85, −90 நல்லது, −110க்குக் கீழே போனால் கஷ்டம். ஒவ்வொரு யன்னலாக வைத்துப் பார்த்து நல்லதைத் தெரியுங்கள், பிறகு அங்கிருந்து உள்ளே கேபிள் இழுங்கள். தீவுப்பகுதியிலும் வடமராட்சிக் கரையோரத்திலும் டவர் தூரம் என்றால் வெளி அன்ரெனா போடத் துளை உள்ள ரவுட்டராகப் பார்த்து வாங்குவது புத்தி.

பின்னேரம் ஏழு மணிக்கு மேல் மட்டும் மெதுவாகிறது, விடிய நாலு மணிக்குப் பறக்கிறது என்றால் அது டவரில் சனம் கூடுவதால். வைஃபையை எவ்வளவு திருத்தினாலும் அது மாறாது.

2.4, 5 என்று இரண்டு பெயர் வருகிறது. எதில் சேர்வது?

ரவுட்டர் இருக்கும் அறையிலும் அடுத்த அறையிலும் 5. தூரத்துக்கு 2.4. ஐந்து வேகமானது ஆனால் சுவரைக் கண்டால் களைத்துவிடும், 2.4 தூரம் போகும் ஆனால் அதில் பக்கத்து வீடு, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் நெரிபடும். பழைய லப்டொப்புகளும் மலிவான கமராக்களும் 2.4 மட்டும்தான் பிடிக்கும், அதற்காக 2.4ஐ நிறுத்திவிடாதீர்கள்.

2.4 அலைக்குள் இருக்கும் தடத்தை, அதாவது சனலை, தானாகத் தெரிய விட்டால் சில ரவுட்டர்கள் மோசமான சனலிலேயே குந்திவிடும். 1, 6, 11 இந்த மூன்றும்தான் ஒன்றோடொன்று படாதவை. போனில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போட்டுப் பார்த்து, அக்கம்பக்கத்தில் எது குறைவோ அதில் கையால் வையுங்கள். சனலின் அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸில் விடுங்கள், 40 போட்டால் வேகம் கூடும் என்று சொல்வார்கள், நெருக்கமான திருநெல்வேலி, கொக்குவில் பக்கத்து வாடகை அறைகளில் அது எல்லோருக்கும் கேடு.

பெட்டியில் 300 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கிறது. ஏன் கிடைப்பதில்லை?

அது காற்றில் ஓடும் உச்ச வேகம், அதுவும் ஆய்வுகூட நிலைமையில். உண்மையில் கைக்கு வருவது நன்றாக இருந்தால் அதில் பாதி. இன்னும் ஒன்று, மலிவு ரவுட்டர்களின் லான் துளை 100 எம்பிபிஎஸ் தான். உங்கள் ஃபைபர் பக்கேஜ் அதற்கு மேல் என்றால் பெட்டியில் ஜிகாபிட் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஒரே வைஃபையில் மிகத் தூரத்தில் தள்ளாடிக்கொண்டு இருக்கும் ஒரு பழைய போன் எல்லோரையும் மெதுவாக்கும் என்பதும் பலருக்குத் தெரியாது. காற்றில் ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும், அந்தப் போன் ஒரே விஷயத்தைச் சொல்லி முடிக்க நிறைய நேரம் எடுக்கும்.

சரி, கோளாறு லைனிலா வைஃபையிலா என்று எப்படித் தெரிவது?

ஒரு லப்டொப்பை லான் கேபிளால் நேரே ரவுட்டரில் செருகுங்கள், வைஃபையை நிறுத்துங்கள், மற்றவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள், வேகத்தைச் சோதியுங்கள். பிறகு கேபிளைக் கழற்றி, மெதுவாக இருக்கும் அறையில் வைஃபையில் அதே சோதனை. கேபிளில் நன்றாக வந்து அறையில் வராவிட்டால் வைஃபைதான், கொம்பனிக்குப் போன் எடுத்துப் பிரயோசனம் இல்லை. கேபிளிலேயே வராவிட்டால் இப்போது அவர்களிடம் தைரியமாகச் சண்டை பிடிக்கலாம், "ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கோ" என்று சொல்லித் தப்ப முடியாது.

கோடு நிறைய இருந்தும் ஒன்றும் திறக்கவில்லை என்றால் அந்தக் கோடு ரவுட்டர் வரைக்கும்தான் கணக்கு. பிரவுசரில் ரவுட்டரின் முகவரியை அடியுங்கள், பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.8.1. அது திறந்து, வெளித்தளம் திறக்காவிட்டால் கோளாறு லைன் பக்கம். வட்ஸ்அப் வேலை செய்கிறது, தளங்கள் மட்டும் பெயர் அடித்தால் வருவதில்லை என்றால் தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றிப் பாருங்கள்.

பின்னறைக்கு எக்ஸ்டெண்டர் (வைஃபையை வாங்கித் திரும்பப் பரப்பும் பெட்டி) வாங்கலாமா?

கடையில் முதலில் அதைத்தான் காட்டுவார்கள். எனக்கு அதில் பெரிய விருப்பம் இல்லை. ஒரே ரேடியோ உள்ள எக்ஸ்டெண்டர் வாங்கின ஒவ்வொன்றையும் திரும்ப ஒருமுறை சொல்ல வேண்டும், ஆகவே வேகம் பாதியாகும். அதைச் சிக்னலே இல்லாத பின்னறைக்குள் செருகிவிட்டு "வேலை செய்யவில்லை" என்பார்கள். வாங்கத்தான் வேண்டும் என்றால் சிக்னல் நன்றாக இருக்கும் பாதி வழியில் செருகுங்கள்.

சிறந்தது கேபிள். வீட்டில் ஒரு பழைய ரவுட்டர் தூசி பிடித்துக் கிடந்தால் அதுவே போதும். அதன் உள்முகவரியை 192.168.1.2 போல வேறொன்றாக மாற்றுங்கள், அதாவது பிரதான ரவுட்டரின் அதே தொடரில், ஆனால் யாருக்கும் கொடுபடாத ஒரு எண். அதில் டிஎச்சிபியை, அதாவது உள்முகவரி கொடுக்கும் வேலையை, நிறுத்துங்கள், இதை மறந்தால் இரண்டு பெட்டியும் முகவரி கொடுக்கப் போட்டிபோட்டு வீடே குழம்பும். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் முதல் ரவுட்டரில் உள்ளதையே போடுங்கள், சனலை மட்டும் வேறாக வையுங்கள். பிறகு பிரதான ரவுட்டரின் லான் துளையில் இருந்து பழைய ரவுட்டரின் லான் துளைக்குக் கேபிள். வான் (WAN, வெளி லைனுக்கானது) என்று நிறம் மாறி இருக்கும் துளையில் செருக வேண்டாம். போன் அறைக்கு அறை தானாக மாறிக்கொள்ளும்.

ஒன்றோடொன்று சேர்ந்து வீடு முழுக்க ஒரே வைஃபை கொடுக்கும் மெஷ் பெட்டிகள் வசதியானவைதான், காசு உள்ளவர்கள் வாங்கலாம். தடித்த சுவர் வீட்டில் அவற்றையும் கேபிளால் இணைத்தால்தான் கொடுத்த காசுக்குப் பலன்.

ஒரே வளவுக்குள் அம்மா வீடு, அக்கா வீடு. ஒரு லைனைப் பங்கிட முடியுமா?

எங்கள் ஊரில் இது எல்லா ஒழுங்கையிலும் இருக்கும் கேள்வி, மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு பெற்றோரின் வீட்டோடுதானே இருக்கும். நாலு பரப்பு வளவு சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 32 மீற்றர், ஆகவே தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. இடையில் உள்ள சுவரும் மரமும்தான் பிரச்சினை. மழை பெய்து நனைந்த மாவும் வாழையும் சிக்னலை நன்றாகக் குடிக்கும், வெயிலில் வேலை செய்தது கார்த்திகையில் விட்டு விட்டு வரும்.

இரண்டு வீட்டுக்கும் இடையில் செப்பு லான் கேபிளை வெளியால் இழுப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். நான் வேண்டாம் என்பேன். ஐப்பசி கார்த்திகையில் இடி மின்னல் வரும்போது அந்தக் கம்பி வழியாக ஒரு வீட்டில் ஏறியது இரண்டு வீட்டு ரவுட்டரையும் கணினியையும் சேர்த்துக் கொண்டுபோகும். கிட்ட விழும் மின்னல் போதும், நேரே விழவும் தேவையில்லை. ஃபைபர் கேபிளும், இரண்டு முனையிலும் அதை லான் கேபிளுக்கு மாற்றித் தரும் மீடியா கன்வேட்டரும் போட்டால் அந்தப் பயம் இல்லை, கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. உலோகக் கம்பி சேராத கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒன்றையொன்று பார்க்கும்படி கூரை விளிம்பில் பூட்டும் 5 கிகாஹேர்ட்ஸ் வெளிப்பெட்டி ஒரு சோடி. கிலோமீற்றர் கணக்கில் போகக்கூடியவை அவை, 30 மீற்றர் விளையாட்டு. நடுவில் மரக்கொப்பு வராமல் பாருங்கள்.

காசு விஷயம் முன்கூட்டியே பேசித் தீருங்கள். டேட்டா முடிந்தது யாரால் என்பதில் வரும் கோபம் வேலிச் சண்டையை விட மோசம்.

அயல் வீட்டுக்காரர் கடவுச்சொல் கேட்கிறார். கொடுக்கலாமா?

இரண்டு விஷயம். உங்கள் ஒப்பந்தத்தில் வேறு வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்று இருக்கலாம், வாசித்துப் பாருங்கள். அடுத்தது, அந்த லைனில் யார் என்ன செய்தாலும் பதிவில் இருக்கும் பெயர் உங்களுடையது. முகத்துக்கு அஞ்சிக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் ரவுட்டரில் கெஸ்ட் நெட்வேர்க் என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டு வேறு கடவுச்சொல் கொடுங்கள். அதில் சேர்பவர் இணையத்தைப் பாவிக்கலாம், உங்கள் கணினியில் பங்கிட்டு வைத்த கோப்புகளைப் பார்க்க முடியாது. வேண்டாதபோது அதை மட்டும் நிறுத்திவிடலாம். திருவிழாவுக்கு வெளிநாட்டில் இருந்து வந்து நிற்கும் சொந்தக்காரருக்கும் இதுவே நல்லது.

பாதுகாப்புக்கு என்ன செய்ய வேண்டும்?

வைஃபையின் பூட்டு முறையாக டபிள்யூபிஏ2 (WPA2) அல்லது டபிள்யூபிஏ3 (WPA3) போடுங்கள். டபிள்யூஇபி (WEP) என்பது 2001இலேயே உடைந்துபோன பூட்டு, பழைய ரவுட்டர்களில் இன்னும் தெரிவில் இருக்கும், தொடாதீர்கள். கடவுச்சொல் நீளமாக இருக்கட்டும், தொலைபேசி இலக்கமும் பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் வேண்டாம், ஊருக்கே தெரிந்தவை அவை. கடவுச்சொல் அடிக்காமல் சாதனத்தைச் சேர்க்க டபிள்யூபிஎஸ் (WPS) என்று ஒரு பொத்தான் இருக்கும், அதன் எட்டு இலக்க பின் (PIN) முறையை நிறுத்துங்கள். அந்த எட்டு இலக்கத்தை ரவுட்டர் இரண்டு துண்டாகச் சரிபார்ப்பதால் உடைக்க வேண்டியவருக்கு 11,000 முயற்சிக்குள் வேலை முடிந்துவிடும் என்று 2011இல் வெளியில் வந்தது.

ரவுட்டருக்குள் போகும் அட்மின் கடவுச்சொல் வேறு, வைஃபை கடவுச்சொல் வேறு. இரண்டையும் மாற்றுங்கள். பெயரை மறைத்து வைப்பதால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

மாதம் பாதியிலேயே டேட்டா முடிகிறது. யாரோ களவாகப் பாவிக்கிறார்களா?

இருக்கலாம், ரவுட்டருக்குள் சேர்ந்திருக்கும் சாதனங்களின் பட்டியல் இருக்கும், பாருங்கள். ஆனால் பெரும்பாலும் கள்ளன் வீட்டுக்குள்தான். விண்டோஸ் ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாகப் புதுப்பிப்பை இறக்கும். அந்த வைஃபையின் பண்புகளுக்குள் போய் மீட்டர்ட் கனெக்‌ஷன் என்பதை ஓன் செய்தால் பெரியவற்றைக் கேட்காமல் இறக்காது, ஆனால் மாதம் ஒருமுறையாவது நீங்களாகப் புதுப்பிக்க வேண்டும். இரவு டேட்டா தனியாக உள்ள பக்கேஜ் என்றால் அந்த நேரத்தில் விடுங்கள். கணினி மூன்று நாலு இருந்தால் டெலிவரி ஒப்டிமைசேஷனில் உள்ளூர் நெட்வேர்க்கில் உள்ள கணினிகள் என்பதைத் தெரிந்துவிடுங்கள், ஒன்று இறக்கியதை மற்றவை அதனிடமே வாங்கிக்கொள்ளும்.

மற்றது வீடியோ. எச்டி தரத்தில் ஒரு மணித்தியாலம் பார்த்தால் 3 ஜிபி வரை போகலாம். சின்னப் போன் திரையில் 480பிக்கு மேல் வைத்து என்ன பார்க்கப் போகிறீர்கள்?

கணினிகளுக்கு இடையில் கோப்பும் பிரிண்டரும் பங்கிடலாமா?

ஒரே ரவுட்டரில் இருந்தால் தாராளமாக, அதற்கு டேட்டா ஒரு எம்பி கூடச் செலவாகாது, வெளி இணையம் நின்றாலும் வேலை செய்யும். இரண்டு கணினியிலும் நெட்வேர்க் பிரைவேட் என்று இருக்க வேண்டும், பப்ளிக் என்று இருந்தால் ஒன்றையொன்று காணாது. ஒன்று கெஸ்டிலும் மற்றது பிரதான வைஃபையிலும் இருந்தாலும் காணாது.

கரண்ட் போனால் வைஃபையும் போகிறது. வழி?

2022இல் பதின்மூன்று மணித்தியாலம் இருட்டில் இருந்தபோதே பலர் மினி யூபிஎஸ் வாங்கிவிட்டார்கள். அநேகமான ரவுட்டர்கள் 12 வோல்ட், சில 9 அல்லது 5. அடப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் யூபிஎஸ் கொடுக்கும் வோல்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டும், ஆம்பியர் கூட இருந்தால் பரவாயில்லை, குறையக் கூடாது. நேர், எதிர் முனை அடையாளத்தையும் பாருங்கள். 3.7 வோல்ட்டில் 8000 எம்ஏஎச் பற்றரி என்றால் ஏறக்குறைய 30 வாட் மணி, 8 வாட் இழுக்கும் ரவுட்டர் அதில் மூன்று மணித்தியாலம் வரை தாங்கும். ஃபைபர் பெட்டி ஒன்று, ரவுட்டர் ஒன்று என்று தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் கொடுக்க வேண்டும், ஒன்றுக்கு மட்டும் கொடுத்துவிட்டு வைஃபை வருகிறது இணையம் வருவதில்லை என்று மண்டையை உடைப்பவர்கள் உண்டு.

யூபிஎஸ் இருக்கிறது என்று இடி மின்னலுக்கு அப்படியே விடாதீர்கள். பிளக்கைக் கழற்றுங்கள், ஏடிஎஸ்எல் என்றால் தொலைபேசி வயரையும் சேர்த்து.

பழைய டெஸ்க்டொப்பில் வைஃபை இல்லையே?

யூஎஸ்பி வைஃபை அடப்டர் ஒன்று போதும், இரண்டு அலையும் பிடிப்பதாக வாங்குங்கள். பெட்டியின் பின்னால் நேரே செருகினால் உலோகப் பெட்டியே மறைக்கும், பக்கத்தில் யூஎஸ்பி 3 டிஸ்க் ஓடினால் அதன் இரைச்சல் 2.4 அலையையும் கெடுக்கும். ஒரு யூஎஸ்பி நீட்டிப்பு வயர் போட்டு மேசைக்கு மேலே கொண்டுவாருங்கள். வைஃபை பெயர் தெரிகிறது, சேர மறுக்கிறது என்றால் ரவுட்டர் டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருக்கலாம், 2ஐயும் சேர்த்த கலப்பு முறைக்கு மாற்றுங்கள்.

வீட்டுக் கமராவைக் கனடாவில் இருந்து அண்ணா பார்க்க வேண்டும். ரவுட்டரில் போர்ட், அதாவது வெளியில் இருந்து உள்ளே வரும் கதவு, திறந்தும் வேலை செய்யவில்லை.

4ஜி இணைப்பு என்றால் பெரும்பாலும் வேலை செய்யாது. அங்கே கொம்பனியே பல வீடுகளை ஒரு வெளிமுகவரிக்குப் பின்னால் வைத்திருக்கும், உங்கள் ரவுட்டரில் நீங்கள் திறக்கும் கதவு வெளியில் யாருக்கும் தெரியாது. ரவுட்டருக்குள் வான் முகவரி 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரைக்குள்ளோ தொடங்கினால் இதுதான் நிலைமை. கமரா கொம்பனியின் செயலி வழியாகப் பார்ப்பது இந்தத் தடையைத் தாண்டும், ஏனென்றால் கமராதான் உள்ளிருந்து வெளியே தொடர்பு எடுக்கிறது. கமராவோடு வந்த கடவுச்சொல்லை மட்டும் மாற்றாமல் விடாதீர்கள்.

வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்த ரவுட்டர் இங்கே சரிவருமா?

சாதாரண வைஃபை ரவுட்டர், அதாவது வான் துளையில் கேபிள் செருகும் வகை, சரிவரும். அடப்டரில் 100–240 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், அதற்கு மட்டும் செய்த அடப்டரை எங்கள் 230இல் செருகினால் அன்றோடு சரி. அங்குள்ள கொம்பனி கொடுத்த லைன் பெட்டியையோ, சிம் பூட்டிய 4ஜி பெட்டியையோ காவிக்கொண்டு வர வேண்டாம், பூட்டைத் திறந்தாலும் இங்குள்ள அலைவரிசையைப் பிடிக்குமா என்பது தனிக் கேள்வி.

இதோடு சேர்ந்த இன்னொரு குழப்பம்: கனடாவில் வாங்கிய லப்டொப்புக்கு மட்டும் வீட்டு வைஃபை தெரிவதே இல்லை, மற்ற எல்லோருக்கும் தெரிகிறது. வட அமெரிக்காவுக்குச் செய்த கருவிகள் 2.4இல் பெரும்பாலும் 11ஆம் சனலோடு நின்றுவிடும். உங்கள் ரவுட்டர் 12இலோ 13இலோ ஏறி இருந்திருக்கும். 11க்கு இறக்கிவிட்டு லப்டொப்பைத் திரும்பத் தேடச் சொல்லுங்கள்.